பழைய லாரிக்குப் புது வயரிங்: கிருஷ்ணன்கோவில் காலனியில் ஒரு வீட்டுப் பட்டறை

கிருஷ்ணன்கோவில் நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மேற்கே மலையைப் பார்த்தபடி நடந்தால் அந்தக் காலனி வந்துவிடும். தெருவின் கடைசி வீட்டை ஒட்டி ஒரு வேப்பமரம். மரத்தடியில் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. கூரைக்குள் பாதியும் வெயிலில் பாதியுமாக ஒரு பழைய அசோக் லேலண்ட் லாரி நிற்கிறது.

நாம் முதல்முறை போனபோது அதற்குச் சக்கரம் இல்லை. கனத்த மரக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். கதவு இரண்டையும் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் நிறம் வெளுத்த வயர்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

"இத ஓட வைக்க முடியுமாண்ணே?" என்று கேட்டோம்.

"எஞ்சின் நல்லாருக்கு தம்பி. நரம்புதான் செத்துப்போச்சு. வயரிங் பூராத்தையும் மாத்தணும்" என்றார் பட்டறைக்காரர்.

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறோம். காலனியில் அவரை 'வயரிங் அண்ணன்' என்கிறார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

மூட்டை மேல் ஒரு வாழ்க்கை

வயரிங் அண்ணனின் அப்பா இதே மாதிரி ஒரு லாரியில் சுமை தூக்கியவர். வத்திராயிருப்புப் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் ஏற்றுவார். ராஜபாளையம் மில்லுக்குப் பஞ்சுப் பொதி இறக்குவார். சிவகாசிக்குக் காகிதம் போகும்போதும் அவர்தான். ஏற்றி முடித்ததும் ஓட்டுநரும் மற்றவர்களும் முன்னால் உட்காருவார்கள். அவர் பின்னால் மூட்டைமேல் ஏறிக்கொள்வார். மழை பெய்தால் தார்ப்பாயை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். முன்னால் இடம் இருந்த நாட்களிலும் அவரை யாரும் கூப்பிடவில்லை. அவரும் கேட்கவில்லை.

"எங்கப்பா இருபது வருசம் லாரியிலயே கெடந்தாரு. ஒரு நாள் கூட கேபின்ல உக்காந்ததில்ல. செத்தப்பொறம்தான் அம்மா சொல்லித் தெரியும்" என்றார் அண்ணன்.

பதின்மூன்று வயதில் அண்ணனைப் பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் சேர்த்துவிட்டார்கள். முதல் நாளே "எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். சொன்னார். இரண்டு வருடம் டீசலில் சாமான் கழுவும் வேலைதான். மற்றப் பையன்கள் ஸ்பேனர் பிடித்து, பிறகு எஞ்சின் இறக்கி, பிறகு தனியாக வண்டி பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டார்கள். இவருக்கு மண்ணெண்ணெய்த் தட்டும் துடைக்கும் துணியும். பானையில் மொண்டு குடிக்கக் கூடாது. இரண்டு கையையும் குவித்து நின்றால் இன்னொரு பையன் ஊற்றுவான்.

பிறகு மதுரைக்குப் போனார். அங்கே ஒரு வயதான எலக்ட்ரீசியன் மிஸ்திரி இவரிடம் எதையும் கேட்கவில்லை. கையில் டெஸ்ட் லேம்பைக் கொடுத்து, "கரண்ட் எங்க நிக்குதுன்னு கண்டுபிடி" என்று மட்டும் சொன்னார். அன்று கற்றுக்கொண்ட தொழில்தான் இன்று வரை சோறு போடுகிறது. அந்த மிஸ்திரியின் படம் பட்டறைச் சுவரில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

ஒரு பட்டறையில் வேலை கற்பது என்பது படிப்பு மட்டும் அல்ல. யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது என்பதை உறவும் தெருவும்தான் தீர்மானிக்கின்றன. விண்ணப்பம், நேர்காணல் என்று எதுவும் கிடையாது. அதனால் இட ஒதுக்கீடும் அங்கே நுழைய முடியாது. இந்தச் சாலையோரப் பட்டறைகளில் எத்தனை தலித் பையன்கள் கழுவும் தட்டைத் தாண்டி மேலே போனார்கள் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

நரம்பு மாற்றும் வேலை

லாரி 1990களின் தொடக்கத்தில் பதிவானது. ஆறேழு கை மாறி, கடைசியில் ஒரு தோப்புக்குள் மூன்று வருடம் நின்றது. பழைய இரும்பு விலைக்கு அண்ணன் வாங்கினார். இப்படிப்பட்ட லேலண்ட் வண்டிகளுக்குத் தமிழ்நாட்டு மண்ணில் நீண்ட கதை உண்டு. 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனபின் காமெட் லாரிகள் வந்தன. 1955ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. 1961ல் தொடங்கப்பட்ட லூகாஸ் டி.வி.எஸ். பாடியில் செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் செய்தது. எண்ணூரிலும் பாடியிலும் செய்த சாமான்களைத்தான் நம் ஊர்ப் பட்டறைகள் பிரித்துப் பிரித்துப் படித்தன.

பழைய டீசல் வண்டிக்கு ஒரு குணம் உண்டு. அதில் தீப்பொறி பிளக் கிடையாது. உள்ளே காற்றை நெருக்கும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். டீசல் பம்பும் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற வெறும் இயந்திரம்தான். அதனால் ஒருமுறை கிளம்பிவிட்டால் பாட்டரியே இல்லாமல்கூட எஞ்சின் ஓடும். "அப்படியானால் வயரிங்குக்கு ஏன் இவ்வளவு பாடு?" என்று கேட்டோம்.

அண்ணனின் மகள் பதில் சொன்னார். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவர். "எஞ்சின் ஓடும் தோழர். ஆனா ராத்திரியில ரோடு தெரியாது. பிரேக் அடிச்சா பின்னால வர்றவனுக்குத் தெரியாது. திரும்புனா தெரியாது. வயரிங் நமக்காக மட்டும் இல்ல, எதிர்ல வர்றவனுக்காகவும்தான்."

பழைய வயரிங் ஏன் கெட்டது என்பதையும் காட்டினார்கள். வயரின் மேல்தோல் சூட்டில் காய்ந்து, வளைத்தால் முறுக்குபோல் ஒடிகிறது. ஒவ்வொரு முதலாளியும் ஹாரன் ஒன்று, கலர் விளக்கு ஒன்று, பாட்டுப்பெட்டி ஒன்று என்று சேர்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு. மொத்தம் நாற்பதுக்கு மேல் ஒட்டுகள் இருந்தன. பியூஸ் போன இடத்தில் புது பியூஸ் போடாமல் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள்.

பியூஸ் என்பது வேண்டுமென்றே பலவீனமாகச் செய்யப்பட்ட ஒரு துண்டு. அளவுக்கு மேல் கரண்ட் போனால் அது முதலில் உருகி வழியை அறுத்துவிடும். அந்த இடத்தில் கெட்டிக் கம்பியைப் போட்டால் அது உருகாது. பதிலுக்கு வயர் சூடாகி எரியும். லாரியில் தீப்பிடித்தது என்று செய்தி வரும்போது இப்படி ஒரு கம்பியும் காரணமாக இருக்கலாம் என்றார் அண்ணன்.

வேலையை இந்த வரிசையில் செய்தார்கள். முதலில் பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றினார்கள். கழற்றும்போது எர்த் முதலில், மாட்டும்போது எர்த் கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். அடுத்துப் பழைய வயரிங் முழுவதையும் வெட்டாமல் அப்படியே உருவி, தரையில் கோணி விரித்து வண்டியில் கிடந்த வடிவத்திலேயே பரப்பினார்கள். மகள் ஒவ்வொரு வயரையும் அளந்து, எங்கிருந்து எங்கே போகிறது என்று நோட்டில் எழுதினார். அந்த நோட்டிலிருந்து ஒரு சார்ட் தாளில் படம் வரைந்தார்.

நிறங்களுக்கு லூகாஸ் வழக்கத்தையே வைத்துக்கொண்டார்கள். கறுப்பு என்றால் எர்த். பழுப்பு பாட்டரியிலிருந்து நேராக வரும் வழி. சிவப்பு பக்க விளக்கும் பின்விளக்கும். பச்சை சாவி போட்டபின் பியூஸ் வழியாக வருவது. நீலம் முன்விளக்கு.

கணக்கும் போட்டார்கள். இந்த லாரியில் 12 வோல்ட் பாட்டரிகள் இரண்டைத் தொடராக மாட்டி 24 வோல்ட் ஆக்கியிருக்கிறார்கள். முன்விளக்கு ஒன்று 75 வாட் என்றால், 75ஐ 24ஆல் வகுத்தால் சுமார் 3 ஆம்பியர். இரண்டுக்கும் 6 ஆம்பியருக்குச் சற்று மேல். அதே விளக்கு 12 வோல்ட் வண்டியில் இருந்தால் கரண்ட் இரண்டு மடங்கு, வயரும் தடிமனாக வேண்டும். செல்ஃப் மோட்டாரோ கிளம்பும் நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அதனால்தான் அதற்குப் போகும் கேபிள் கட்டைவிரல் தடிமனில் இருக்கிறது. பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடிந்துபோகிற பாடம் இது. அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகள் நம் தெருவில் ஏராளம். அதைக் கையில் வைத்துப் பார்க்க ஓர் இடம்தான் இல்லாமல் இருந்தது.

ஏறுவதற்கே நடந்த போராட்டம்

லாரியின் அடியில் படுத்திருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது நமக்கு ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வந்தது. அது இந்த மாவட்டத்தின் வரலாறும்கூட.

இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985ல்தான் பிரிந்தது. அதற்கு முன் 1910 முதல் இந்தப் பகுதி ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. தனியார் பஸ்கள் ஓடத் தொடங்கிய காலத்தில் தாழ்த்தப்பட்ட மக்களை அவற்றில் ஏற்ற மறுத்தார்கள். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் 1924ல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது. ஆனால் சாலை பொதுவானாலும், அதில் ஓடும் பஸ் பொதுவாகிவிடவில்லை.

அப்போது ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சவுந்திரபாண்டியன். 1929ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். சென்னை பாண்டி பஜாருக்குப் பெயர் தந்தவரும் இவரே. தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் உரிமம் ரத்தாகும் என்று அவர் உத்தரவிட்டார். அந்த ஓர் உத்தரவால் பஸ்ஸின் கதவு திறந்தது. நம் தாத்தா பாட்டிகள் டிக்கெட் எடுத்து உட்கார்ந்த இருக்கைக்குப் பின்னால் இந்த உத்தரவு இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாவிட்டாலும் மாணவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏறும் உரிமை கிடைத்தாலும், ஓட்டும் கை யாருடையது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற சிறு நூலில் தன் வாழ்வில் நடந்த இரண்டு வண்டிப் பயணங்களை எழுதியிருக்கிறார்.

முதலாவது 1901ல். சிறுவனாக, தன் அண்ணனோடும் அக்காள் பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்க ரயிலில் போனார். நிலையத்தில் இறங்கியதும் இவர்கள் மகர் பிள்ளைகள் என்று தெரிந்துவிட்டது. மாட்டுவண்டிக்காரர்கள் ஒருவரும் வரவில்லை. கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, வண்டியையும் பிள்ளைகளே ஓட்டிக்கொண்டு, வண்டிக்காரர் கூட நடந்து வருவது என்று முடிவானது.

இரண்டாவது 1929ல், மகாராஷ்டிரத்தின் சாலிஸ்கானில். அப்போது அவர் பாரிஸ்டர். அரசு நியமித்த குழுவின் உறுப்பினர். ஆனாலும் குதிரை வண்டிக்காரர்கள் அவருக்கு வண்டி ஓட்ட மறுத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்குத் தருவோம் என்றார்கள். தலைவரை நடக்கவிட்டால் மரியாதையாக இருக்காது என்று எண்ணிய மக்கள், வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத தங்களில் ஒருவரையே ஓட்டச் சொன்னார்கள். ஆற்றுப் பாலத்தில் சக்கரம் கல்லில் சிக்கி, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன.

இந்த நிகழ்ச்சியைத் தீண்டாமையின் கொடுமைக்கு உதாரணமாக மேடைகளில் சொல்வோம். நாமும் சொல்லியிருக்கிறோம். பட்டறையில் உட்கார்ந்து யோசித்தபோது வேறொன்றும் தெரிந்தது. அந்த மக்களிடம் அன்பு இருந்தது, மானம் இருந்தது. கடிவாளம் பிடிக்கும் பழக்கம் மட்டும் இல்லை. அந்தப் பழக்கம் வரும் இடத்தில் அவர்களை யாரும் நிற்க விட்டதில்லை. தொழிலைக் கற்கவிடாமல் தடுப்பதும் தீண்டாமைதான். அதன் விலையை அன்று அம்பேத்கரின் கால் கொடுத்தது.

பெயர் எழுதுவதா, வேண்டாமா?

நான்கு மாதத்தில் லாரி சக்கரத்தில் நின்றது. பாடி கட்டி, டிங்கரிங் முடிந்து, பெயிண்ட் அடித்தாகிவிட்டது. லாரி என்றால் நெற்றியில் ஒரு பெயர் வேண்டும். குலசாமியோ, பிள்ளையின் பெயரோ, முதலாளியின் பெயரோ எழுதுவது வழக்கம். சில வண்டிகள் தங்கள் சாதியையும் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு போகின்றன.

மகள், தாத்தா பெயரை எழுதி அதற்குமேல் அம்பேத்கர் படம் வரைய வேண்டும் என்றார். அண்ணன் மறுத்துவிட்டார். நாம் மகள் பக்கம் பேசினோம். அப்போதுதான் அவர் 1997ஐ நினைவுபடுத்தினார்.

அந்த வருடம் மே மாதம், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. கட்டபொம்மன் படையில் இருந்து வெள்ளையரை எதிர்த்து மாண்டவர் அவர். ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினரில் ஒரு பகுதியினர் கிளம்பினார்கள். பஸ்கள் கல்லெறிபட்டன. தென் மாவட்டங்கள் எரிந்தன. உயிர்கள் போயின. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டமாக இருந்த நம் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான்.

ஒரு காலத்தில் பஸ்ஸில் நம்மை ஏற்ற மறுத்தார்கள். எழுபது வருடம் கழித்து நம் பெயர் எழுதிய பஸ்ஸில் அவர்கள் ஏற மறுத்தார்கள்.

"அரசாங்க பஸ்ஸுக்கே அந்தக் கதி. நான் தனி ஆளு. லோடு குடுக்குறவன் யாரு, தோப்புக்காரன் யாரு, புரோக்கர் யாருன்னு உங்களுக்குத் தெரியாதா? படத்தப் பாத்துட்டு லோடு இல்லன்னு சொல்ல மாட்டான் தம்பி. 'வண்டி ஏற்கனவே சொல்லியாச்சே'ன்னுதான் சொல்லுவான். அதுக்கு எந்த ஸ்டேசன்ல போய் நிக்க?" என்றார் அண்ணன்.

சட்டம் இருக்கிறது என்று சொன்னோம். உண்மையிலேயே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, 2015ல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் புதிய பிரிவுகளோடு நடைமுறையில் உள்ளது. பட்டியல் சாதியினர் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பதும், செருப்பு அணிவதைத் தடுப்பதும், திருமண ஊர்வலத்தில் வாகனத்தில் ஏறுவதைத் தடுப்பதும் அதன்படி குற்றம். தொழிலோ வியாபாரமோ செய்யவிடாமல் தடுப்பதும் குற்றம். சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு செய்வதும், செய்வேன் என்று மிரட்டுவதும் குற்றம். ஆனால் "வண்டி ஏற்கனவே சொல்லியாச்சே" என்ற ஒரு வாக்கியத்தை வைத்துப் புறக்கணிப்பை நிரூபிப்பது எளிதல்ல. சட்டம் தெரிந்த நமக்கும் அது தெரியும். அதனால் அதற்குமேல் பேசவில்லை.

"எழுதச் சொல்றது ஒரு நிமிசம். கடன் தவணை மாசாமாசம் வருது" என்று முடித்தார். அவர் பெயரை இந்தக் கட்டுரையில் எழுதாததற்கும் இதுதான் காரணம்.

நமக்கு ஏமாற்றம்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் மேடையில் இருந்து இறங்கி வீட்டுக்குப் போகிறவருக்கும், அதே சாலையில் தினமும் லோடு கேட்டு நிற்கிறவருக்கும் வித்தியாசம் உண்டு. முடிவு அவருடையது.

கடைசியில் அப்பாவும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். நெற்றியில் தாத்தாவின் பெயர் மட்டும், நீல எழுத்தில். அம்பேத்கர் படம் கேபினுக்குள், ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக. அதற்கு ஒரு சின்ன விளக்கு. அந்த விளக்குக்கு மகள் தனி பியூஸ் வைத்திருக்கிறார். வேறு எந்த லைன் போனாலும் அது எரிய வேண்டும் என்பது அவருடைய கட்டளை.

தகுதிச் சான்று நாள்

அடுத்தது எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று. 15 வருடம் தாண்டிய கனரக வாகனங்களுக்கு இதைப் புதுப்பிக்கும் கட்டணம் 12,500 ரூபாய் என்று மத்திய அரசு 2021 அக்டோபரில் அறிவித்தது. அதற்குப் பிறகும் மாற்றங்கள் வந்துள்ளன. பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் முன்கூட்டியே கட்டணத்தை விசாரித்துக்கொள்வது நல்லது. ஒரே ஒரு பழைய லாரியை வைத்துப் பிழைப்பவருக்கு இது சிறிய தொகை அல்ல.

முதல் முறை வண்டி தேறவில்லை. வயரிங்கில் குறை இல்லை. வலது பக்கப் பின்விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தது. பல்பை மாற்றினார்கள், சரியாகவில்லை. புதுப் பெயிண்டுக்கு மேலேயே எர்த் கம்பியைப் பூட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது. பெயிண்ட் கரண்டைத் தடுக்கும். மகள் அந்த இடத்தை உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, மறுபடி பூட்டினார். விளக்கு நின்று எரிந்தது. "நான் முப்பது வருசமா பாக்குறேன், எனக்கே தோணல" என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை தேறியது.

முதல் லோடு தேங்காய். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எண்பதை நெருங்கும் அந்தம்மாவை நாற்காலி போட்டுக் கேபினில் ஏற்றினார்கள். பழக்கத்தில் அவர் பின்பக்கம் போகப் பார்த்தாராம். "இங்கதான்மா" என்று முன்னால் உட்கார வைத்தார்கள். அவர் எதுவும் பேசவில்லை. ஊர் வந்துசேரும்வரை டேஷ்போர்டில் ஒரு கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பாடம்

இப்போது ஞாயிறுதோறும் அந்தப் பட்டறையில் காலனிப் பிள்ளைகள் ஏழு பேர் கூடுகிறார்கள். இருவர் பெண்கள். மகள் வரைந்த சார்ட் சுவரில் தொங்குகிறது. ஒருவர் ஏதாவது ஓர் இடத்தில் கம்பியைக் கழற்றிவிடுவார். மற்றவர்கள் டெஸ்ட் லேம்பை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். மதுரை மிஸ்திரி கற்றுக்கொடுத்த அதே பாடம். யாருக்கும் முதல் வேலை சாமான் கழுவுவது அல்ல. கழுவுவது எல்லோருக்கும் முறை வைத்து வருகிறது.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் சில செய்திகள். அரசு ஐ.டி.ஐ.க்களில் மோட்டார் மெக்கானிக், எலக்ட்ரீசியன் பிரிவுகள் இரண்டு வருடப் படிப்பு. டீசல் மெக்கானிக் ஒரு வருடம். பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் பஸ் பாஸும் உண்டு. பட்டறையில் யாராவது சேர்த்துக்கொள்வார்களா என்று காத்திருக்கத் தேவையில்லாத வழி இது.

சொந்தமாகத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கு 1974ல் தொடங்கப்பட்ட தாட்கோ இருக்கிறது. முதலமைச்சரின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் மூன்றரை லட்சம் ரூபாய் வரை மானியம் கிடைக்கும். வாகனமும் வாங்கலாம், பட்டறையும் வைக்கலாம். பெரிய அளவில் செய்ய விரும்பினால், 2023ல் அறிவிக்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை உண்டு. அதற்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுக வேண்டும். வங்கி மேலாளர் அலைக்கழித்தால் சோர்ந்துவிடாமல், மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்ன மறுப்பை எதிர்த்து மனு போடுவது கடினம்.

கடந்த ஞாயிறு நாம் போயிருந்தோம். ஹாரன் அடிக்கவில்லை. யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி டெஸ்ட் லேம்போடு லாரிக்குள் ஏறி, ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்திருந்தாள். பையன்கள் கீழே நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பத்து நிமிடம் கழித்து ஹாரன் காலனி முழுக்கக் கேட்டது. வேப்பமரத்திலிருந்து காகங்கள் பறந்தன. வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பாட்டி, "யாருடி அது?" என்று கேட்டார்.

"நான்தான் அப்பாயி" என்றாள் சிறுமி, இன்னொரு முறை அடித்துவிட்டு.